முதல் பக்கத்தில் ஹில்டா

ஜூட்,

உன் புத்தகத்தை வாசித்து முடித்துவிட்டேன். அடிக்குறிப்புகளையும் விடவில்லை, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மத்தியான வகுப்பு முடிந்ததும் ஜன்னலோரம் இருந்து நாளுக்குக் கொஞ்சமாக வாசித்தேன். ஒரு தாய் பெருமையோடு வாசித்திருப்பாள் என்று நீ நினைப்பாய். இல்லை, பிழை பிடிக்கத்தான் வாசித்தேன். ஆறாம் அத்தியாயத்தில் ஒரு சொல்லில் எழுத்து ஒன்று விடுபட்டிருக்கிறது. அதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு நல்ல பசி எடுத்தது. இரண்டாம் தரமும் சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

போன மாதம் நீ வந்து இறங்கிய மறுநாள் காலை, பெட்டியின் அடியில் சட்டைகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்த அந்தப் புத்தகத்தை எடுத்து என் கையில் தந்தாயே, அந்த நேரத்திலிருந்து தொடங்குகிறேன். கீழே ரயில் போய்க்கொண்டிருந்தது. அது போய் முடியும்வரை இருவரும் பேசாமல் நின்றோம். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு அது பழக்கம். ரயில் போனதும் நான் அட்டையைத் தடவிப் பார்த்தேன், உன் பெயரைப் பார்த்தேன், அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். வெள்ளைத் தாளின் நடுவில் ஜெர்மன் மொழியில் ஒரேயொரு வரி. ‘ஹில்டாவுக்கு, அவர் சொன்னார், நான் கேட்டேன்.’ நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாய். “அம்மா, பிடிச்சிருக்கா?” என்றாய். நான், “ஓம், நல்ல பேப்பர்,” என்றேன். “அச்சும் தெளிவா இருக்கு.” பிறகு குசினிக்குள் போய், கழுவ ஒன்றும் இல்லாத இடத்தில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன்.

என் பெயர் கடைசியில் இருந்தது. நன்றி சொல்லும் இடத்தில், ஆவணக் காப்பகத்தில் கோப்பு எடுத்துத் தந்த ஒருவருக்கும் உனக்குப் படிப்புச் செலவு தந்த நிறுவனத்துக்கும் நடுவில், ‘என் தாய்க்கு’ என்று இருந்தது. அவர்களோடு வரிசையில் நின்று நானும் என் நன்றியை வாங்கிக்கொண்டேன்.

உனக்கு ஜெர்மன் சொல்லித் தந்தது நான். வெளிநாட்டு மாப்பிள்ளைகளோடு பதிவுத் திருமணம் முடித்து, விசாப் பரீட்சைக்காக வருகிற பிள்ளைகளுக்கு இந்த ஹோலில்தான் அன்றும் இன்றும் வகுப்பு எடுக்கிறேன். அவர்களுக்குப் பின்னால், அந்தக் கதவோரம் பாயில் படுத்துக்கிடந்து நீ டெர், டீ, டாஸ் என்று ஜெர்மன் கற்றுக்கொண்டாய். உன் புத்தகத்தில் எல்லோரும் புகழ்கிற நான்காம் அத்தியாயம் எதைப் பற்றியது? ஒரு வேற்றுமை உருபைப் பற்றியது. நாஜிக் கட்சியின் எஸ்.எஸ். படையில், ஜெர்மனியில் பிறந்தவர்களின் பிரிவுக்கு ‘எஸ்.எஸ். டிவிஷன்’ என்று பெயர். வெளிநாடுகளில் தலைமுறை தலைமுறையாக இருந்த ஜெர்மன் வம்சாவளியினரைச் சேர்த்தால் நடுவில் ‘தொண்டர்’ என்று ஒரு சொல் நுழைந்தது, அவர்களை வீட்டிலிருந்து இழுத்துப் போயிருந்தாலும். லத்வியர்கள், உக்ரேனியர்கள், பொஸ்னிய முஸ்லிம்கள் என்றால் ஜெர்மனில் பெயர் தலைகீழாகி, டிவிஷன் முன்னாலும் எஸ்.எஸ். பின்னாலுமாக, ‘எஸ்.எஸ்ஸின் டிவிஷன்’ ஆனது. எஸ்.எஸ். முன்னால் நின்றால் நீ எங்கள் ஆள். பின்னால் ‘இன்’ போட்டு ஒட்டினால் நீ எங்களுடைய சாமான். இதை நீ எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறாய்! அந்த ‘இன்’னை உனக்குச் சொல்லித் தந்தவள், நன்றி வரிசையில் நிற்கிறாள். முதல் பக்கத்தில் வேறொருத்தி இருக்கிறாள்.

ஹில்டாவை உனக்குக் கிடைக்கச் செய்தது உன் பெயர்தான் என்பதையும் நான் மறக்கவில்லை. பிள்ளையில்லாமல் பல வருடம் கொட்டாஞ்சேனைக் கோயிலில் புனித யூதா ததேயுவிடம் அழுது பெற்ற பிள்ளை என்று உனக்கு ஜூட் என்று பெயர் வைத்தேன். அந்த எழுத்துகளை ஜெர்மன்காரர் ‘யூட’ என்று வாசிப்பார்கள், யூதன் என்று அர்த்தம். நீ ஜெர்மனிக்குப் படிக்கப் போகும்போதே சொன்னேன், இரண்டாவது பெயரான அன்ரனியைப் பாவித்துக்கொள் என்று. நீ கேட்கவில்லை. அங்கே ஒரு சின்ன ஊரில் தனியாக இருந்த ஒரு கிழவிக்கு, அவளுடைய தகப்பன் போர்க்காலத்தில் எந்தப் படையில் இருந்தார் என்று விசாரித்து எழுதி, கீழே ஜூட் என்று கையெழுத்துப் போட்டாய். அவள் அதை மேசையில் வைத்துவிட்டு வெகுநாள் பதில் போடவில்லை. பிறகு, ‘வாருங்கள்’ என்று மட்டும் எழுதினாள். கதவைத் திறந்து உன் கறுத்த முகத்தைக் கண்டதும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாளாம். “ஒருநாள் ஒரு யூதன் வந்து இந்தக் கதவைத் தட்டிக் கேட்பான் என்று நான் வாழ்நாள் முழுக்கக் காத்திருந்தேன். நீ வந்து நிற்கிறாய்,” என்றாளாம். பிறகு, அந்தப் பெயரால் உன்னைக் கூப்பிடத் தனக்கு வாய் வராது என்று, அன்ரனியைச் சுருக்கி டோனி என்று வைத்துக்கொண்டாள். நான் வேண்டிப் பெற்று வைத்த பெயரை, ஒரு கோப்பிக் கோப்பையோடு அவள் மாற்றிவிட்டாள். நீயும் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாய்.

அதன் பிறகு உன் ஞாயிற்றுக்கிழமைகள் அவளுடையவையாகின. நான் பூசை முடிந்து வந்து போன் எடுத்தால், “அம்மா, ஹில்டா வீட்டில நிக்கிறன், பிறகு எடுக்கட்டா?” என்பாய். பின்னால் பீங்கான் சத்தம் கேட்கும். பிளம்ஸ் கேக் என்பாய். நான் செய்கிற லவ் கேக்கை நீ திகட்டுது என்று ஒதுக்குகிறவன். ஒருநாள் அவளிடம் போனைக் கொடுத்து வீடியோவில் காட்டினாய். வெள்ளை முடியை வாரி, சிவப்புச் சுவெட்டர் போட்டு, அவள் எனக்குக் கையசைத்தாள். நான் என்னிடமுள்ள நல்ல ஜெர்மன் எல்லாவற்றையும் கூட்டிச் சேர்த்து இரண்டு வசனம் பேசினேன். “எவ்வளவு சுத்தம்! வானொலியில் செய்தி வாசிப்பதுபோல இருக்கிறது,” என்றாள். நீ சந்தோஷப்பட்டாய். உயிருள்ள மனுஷி பேசுகிற மாதிரி இல்லை என்றுதான் எனக்குக் கேட்டது.

அவளுடைய கதையை நீ புத்தகத்தில் எழுதியிருக்கிறாய். ஆனாலும் வகுப்புப் பிள்ளைகளுக்கு நீ வாயால் சொன்னபோதுதான் எனக்கு அது முழுதாக விளங்கியது. அந்தச் சனிக்கிழமையை நினைத்துப் பார். பரீட்சைக்கு நிற்கிற பிள்ளைகள் ஹோலில் இருந்தார்கள். “ரீச்சர், சேர் எங்களோட ஜெர்மன்ல கதைப்பாரோ?” என்று கேட்டார்கள். நீ தமிழிலேயே கதைக்கத் தொடங்கிவிட்டாய். நான் பிளேன்டீ ஊற்றிக்கொண்டு குசினி வாசலில் நின்றேன்.

ஹில்டாவின் தகப்பன் சேர்பியாவின் பனாத் பகுதியில் குதிரை வளர்த்தவர் என்றாய். சந்தையில் சேர்பிய மொழி, தாயோடு ஹங்கேரிய மொழி, கோயிலில் ஜெர்மன். தான் எந்த இனம் என்று அவர் யோசிக்கவேண்டி வந்ததில்லை. ஜெர்மன் படை வந்து நாட்டைப் பிடித்த பிறகு, ஊர்க் கமிட்டிக்காரர் ஒருநாள் முற்றத்துக்கு வந்து, நீ ஜெர்மன்காரன் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். முதலில் நல்ல செய்தி மாதிரித்தான் இருந்தது. சீனியும் துணியும் கிடைத்தன. பிறகு தொண்டர்கள் தேவை என்றார்கள். தொண்டராகப் போகாதவனுடைய வீட்டு ஜன்னல் உடைந்தது. கடைசியில், வயது போனவர்களையும் சேர்த்து, பாண்ட் வாத்தியம் முழங்க ஊரின் ஆண்களை அழைத்துப் போனார்கள். ஹில்டா தாயின் இடுப்பில் இருந்து கைதட்டினாளாம். பிடித்த நாடுகளிலிருந்து எடுத்த பழைய துவக்குகளைக் கொடுத்து, தங்கள் அயல்காரருக்கு எதிராகவே மலைகளுக்கு அனுப்பினார்கள். அங்கே அந்தப் பிரிவு கிராமங்களை எரித்தது. ஒரேயொரு தரம் தகப்பன் லீவில் வந்தார். யாருடனும் பேசாமல் லாயத்திலேயே இருந்தார். மகளுக்கு ஒரு குட்டி ஆட்டுத்தோல் கோட் கொண்டுவந்திருந்தார். அதில் புகை மணத்தது. ஹில்டா இரண்டு பனிக்காலம் அதைப் போட்டாள். தகப்பன் திரும்பி வரவில்லை. பெரியவளாகி, கல்யாணம் முடித்து, தன் பிள்ளைக்கு ஒரு கோட் வாங்கக் கடைக்குப் போன இடத்தில், கையில் எடுத்த கோட்டோடு அப்படியே நின்றுவிட்டாளாம். அந்தக் கோட் முதலில் எந்தப் பிள்ளையுடையது என்ற கேள்வி அன்றுதான் அவளுக்கு வந்தது. புருஷனுக்குச் சொல்லவில்லை, பெற்ற பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை. உனக்குத்தான் சொன்னாள்.

பிள்ளைகளில் தர்ஷினி, கிளிநொச்சிப் பிள்ளை, எப்போதும் கடைசிக் கதிரையில் இருப்பவள், “அங்கையும் வீட்டுக்கு ஒராள் எண்டு கேட்டவையளோ, சேர்?” என்றாள். அவளுடைய தமையனை இயக்கம் சண்டைக்குக் கொண்டுபோனது என்று எனக்குத் தெரியும். நீ எழுந்து போய் அவளுக்கு முன்னால் நிலத்தில் இருந்தாய். “சில இடத்தில அப்பிடித்தான், தங்கச்சி,” என்றாய். “ஆக்கள் செத்துக்கொண்டு போகப் போக ஆளெடுப்பு விரிஞ்சுகொண்டு போச்சு. முதல்ல உயரமான, சுத்த இரத்தம் உள்ள ஜெர்மன்காரர் மட்டும் வேணும் எண்டவை. பிறகு முஸ்லிம்களுக்குத் தொப்பியும் மௌலவியும் குடுத்து எடுத்தவை. பிடிபட்ட இந்தியச் சிப்பாய்களையும் தலைப்பாகையோட எடுத்தவை. ஒவ்வொருத்தருக்கும் ஒரு காரணம் சொல்லிச்சினம். சிலர் விரும்பிப் போனவை, சிலரை இழுத்துக்கொண்டு போனவை, கனபேர் ரெண்டுக்கும் நடுவில.” அவள், “நடுவில எண்டால்?” என்றாள். நீ, “அதைத்தான் நான் இன்னும் தேடுறன்,” என்றாய்.

அப்போது எனக்கு உன் மேல் எவ்வளவு ஆசையாக இருந்தது என்று உனக்குத் தெரியாது. அடுத்த வசனத்திலேயே அதைக் கெடுத்தாய். யாரோ ஒரு பிள்ளை, உங்களுக்கு ஏன் சேர் இந்தச் சப்ஜெக்ட் என்று கேட்க, “எங்கட வீட்டில ஆமியிலயும் ஒருத்தரும் இல்லை, இயக்கத்திலயும் ஒருத்தரும் இல்லை. அதால எனக்குத் தூர நிண்டு பாக்க ஏலுது,” என்று சொன்னாய். நான் கையிலிருந்த தட்டை மேசையில் வைத்தேன். பிள்ளைகளை அன்று நேரத்தோடு அனுப்பினேன், தலையிடி என்று சொல்லி.

தலையிடி இல்லை, ஜூட். ஊரான் வீட்டுக் கிழவியின் தகப்பன் எந்தப் படையின் எந்த மூலையில் நின்றார் என்று தெரிந்த உனக்கு, உன் சொந்த மாமா இந்த நாட்டு ஆமியில் இருந்தது தெரியாது. நான் சொல்லாததற்குக் காரணம், அண்ணன் சொல்லவேண்டாம் என்று கேட்டதுதான். உன் அப்பா யாழ்ப்பாணத்து மனுஷர். போர்க்காலம் முழுக்க அவருடைய சொந்தங்கள் இந்த வீட்டில் தங்கி, பொலிஸ் பதிவுக்கு அலைந்துகொண்டிருந்தார்கள். “என்னால ஒனக்கு ரெண்டு பக்கமும் கரைச்சல். பிள்ளைக்குச் சொல்லாத,” என்று அண்ணன் சொல்லிவிட்டார். எனக்கும் அப்போது அதுதான் சரியாகப் பட்டது. ஆனால் போர் முடிந்து, நீ வளர்ந்து, அந்நியப் படையில் சேர்ந்தவர்களைப் பற்றியே படிக்கப் போனபோது, ஒருநாள் நீயாகக் கேட்பாய் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பிரான்சிஸ் மாமா என்றால் உனக்கு கிராண்ட்பாஸ் ஹார்ட்வெயார் கடையில் நின்றவர், கிறிஸ்மஸுக்குப் பலகாரம் வாங்கிக்கொண்டு போகிறவர். அவ்வளவுதான். நீ கேட்கவில்லை. கேட்பதற்கு உனக்கு ஹில்டா இருந்தாள்.

அதனால்தான் மறுநாள் ஞாயிறு காலை, நீ அவளுக்குப் போன் எடுக்க ஆயத்தமாகிக்கொண்டிருந்தபோது, “வெளிக்கிடு, கொட்டாஞ்சேனைக்குப் போவோம்,” என்றேன். அவளுடைய நேரத்தை அவளிடமிருந்து பறிக்கிறேன் என்று தெரிந்தே சொன்னேன். த்ரீவீலில் போகும்போது அண்ணனுக்குக் கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்தது. ஆனாலும் நிற்கவில்லை. மாடிப்படி ஏறி, அண்ணனின் அறைக்குள் போய், கதிரையில் இருக்கும் முன்னமே சொன்னேன்: “அண்ணா, நீங்க ஆமியில இருந்த கதைய இவனுக்குச் சொல்லுங்க. இவன் ஊர் உலகத்து ஆமிக் கதையெல்லாம் எழுதுறான்.” அண்ணன் என்னைப் பார்த்தார். பனியனுக்கு மேல் ஒரு சட்டையை எடுத்துப் போட்டார். “அது பழைய குப்பை. அத ஏன் இப்ப கிளறுற?” என்றார். நான் கெஞ்சினேன், கோபித்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நீ ஆச்சரியத்தைக் கூட முகத்தில் காட்டவில்லை. கட்டிலின் விளிம்பில் போய் இருந்து, ஒரேயொரு கேள்வி கேட்டாய்.

“மாமா, யூனிஃபோம் உங்களுக்கு அளவா இருந்ததா?”

அண்ணன் திரும்பினார். “இல்ல மகன்,” என்றார். “தோள் ரெண்டும் தொங்கிச்சு.” அதோடு தொடங்கிவிட்டார். வாழ்நாள் முழுக்க அவரோடு பழகிய எனக்கு வராத கேள்வி உனக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்தேன். ஹில்டாவின் அந்தக் கோட்டிலிருந்துதான் வந்திருக்கவேண்டும். அந்த அறையிலும் அவள் எனக்கு முன்னால் நின்றாள்.

அவர் சொன்னதை நீ கேட்டாய். ஆனாலும் நான் எழுதத்தான் வேண்டும், ஏனென்றால் பாதியை நானும் அன்றுதான் கேட்டேன். “என்னய எடுத்தது துவக்குக்கு இல்ல, பந்துக்கு,” என்றார். கொட்டாஞ்சேனையில் அவரைப்போல கோல் அடிக்க ஆளில்லை. ஆமி டீமுக்கு ஆள் வேண்டும் என்று மைதானத்துக்கு வந்தவர்கள் கூட்டிப்போனார்கள். அப்போது கலவரமும் பெரிதாக இல்லை, ஒரு தமிழன் ஆமிக்குப் போவது வீட்டில் விருந்து வைக்கிற விஷயமாக இருந்தது. “எல்லாரும் சிங்களத்தில மல்லி, தம்பி எண்டுதான் கூப்பிட்டாங்க. நான் சிங்களம் கதைச்சா தமிழன் எண்டு ஒருத்தனுக்கும் தெரியாது.” தொங்கிய தோளைப் பிரித்துத் தைத்துக் கொடுத்தது சுனில் என்ற லொறி டிரைவரின் தாய், களனியில் அவர்கள் வீட்டில். “அந்த அம்மா என்ட தோளை அளந்து பாத்துட்டு, ஒங்க அம்மா சோறு போடலியா மகனே எண்டு கேட்டா.” அதைச் சொல்லும்போது அண்ணனின் குரல் இறங்கியது. களனியில் அவருக்கு இன்னொரு தாய் இருந்தது எனக்கு அன்றுவரை தெரியாது.

பிறகு எண்பத்து மூன்று, தமிழர்களின் வீடுகளைத் தேடித் தேடி எரித்த கலவரம். ஆமிக்குள் இருந்த தமிழர்கள் ஒரு கை விரலுக்குள். வெளியே போகவேண்டாம், உள்ளேயே இருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். கொழும்பு எரிகிற புகையை மதிலுக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். “சில பேர் கண்ணைப் பாக்காம போனாங்க. சில பேர் பக்கத்தில வந்து படுத்தாங்க, என்னய ஒருத்தனும் தொடாம இருக்க. ஒரே பரக்ஸ்ல ரெண்டும் நடந்திச்சு.” சுனிலுக்கு அகதி முகாம்களுக்குப் பாண் ரொட்டி கொண்டுபோகிற வேலை. “அய்யே, மாவத், அண்ணே, என்னயும் கூட்டிட்டுப் போங்க எண்டு கெஞ்சினேன்,” என்றார் அண்ணன், சிங்களமும் தமிழும் கலந்து. சுனில் அவரை முன்சீட்டில் ஏற்றி, பாதையைத் திருப்பி, கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுவந்து விட்டார். நானும் எங்கள் அம்மாவும் சனத்தோடு கோயிலுக்குள் இருந்தோம். பெரிய கேற்றைப் பூட்டி, வாங்குகளை முட்டுக்கொடுத்திருந்தார்கள். அண்ணன் வெளியே நின்று, “அம்மா! நான் பிரான்சிஸ்!” என்று தமிழில் கத்தினார். உள்ளே யாரும் திறக்கவில்லை. அளவாகத் தைத்த யூனிஃபோமும் லொறியும்தான் சனத்துக்குத் தெரிந்தன. அவர் ஒரு சாக்குப் பாணைக் கேற்றடியில் வைத்துவிட்டுப் போனார். “அதுக்குப் பிறகு பந்து அடிக்கக் கால் வரல்ல,” என்றார். ஆமி ஸ்டோர்ஸில் கொஞ்ச வருடம் இழுத்துப் பார்த்து, விலகி, ஹார்ட்வெயார் முதலாளியிடம் போய்ச் சேர்ந்தார்.

நீ அவருடைய கையைப் பிடித்துக்கொண்டிருந்தாய். ரெக்கோர்டரை எடுக்கவில்லை, பேனாவை எடுக்கவில்லை. அவர் உன் தலையைத் தடவினார். இருவரும் என்னை மறந்துவிட்டீர்கள். நான் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தேன், கோப்பைகளைக் கழுவினேன், யாரும் கேட்காத சீனியைப் போட்டேன். அது என்னுடைய அண்ணன், என்னுடைய கோயில், அந்தக் கேற்றுக்கு உள்ளே நின்றது நான். ஆனால் கதை உனக்கும் அவருக்கும் நடுவில் நடந்தது. ஹில்டாவின் மேல் மட்டும் இருந்த பொறாமை, அந்த அறையில் இரண்டாகப் பிரிந்து உங்கள் இருவர் மேலும் வந்து விழுந்தது.

திரும்பி வரும்போது, காலிமுகத்திடலைத் தாண்டிய பிறகு, நீ என் பக்கம் திரும்பி, “அம்மா, நீங்க அப்ப உள்ளுக்கு எங்க நிண்டனீங்க?” என்று கேட்டாய். “சனத்துக்குள்ள,” என்றேன். அந்த நேரம் பார்த்து டிரைவர், எந்த ஒழுங்கையால் திரும்பவேண்டும் என்று சிங்களத்தில் கேட்டான். நான் அவனுக்கு வழி சொன்னேன். நீ மறுபடி கேட்கவில்லை. இரண்டு நாளில் பிளேன் ஏறிவிட்டாய். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் கேற்றுக்கு வெகு அருகில் நின்றேன். என் அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நின்றேன், ஏனென்றால் அவர் ஓடப் பார்த்தார். “அது எங்கட பிள்ளை, திறவுங்க,” என்று கத்தினார். “யூனிஃபோமைப் பாருங்க அக்கா, தமிழ் தெரிஞ்சவனை வெச்சுக் கூப்பிடுறாங்க,” என்று சனம் தடுத்தது. பயந்த சனம், அவர்களைக் குறை சொல்லமாட்டேன். நானும் கத்தினேன், அது அண்ணாதான் என்று. யாருக்கும் கேட்கவில்லை. லொறி போன பிறகு அம்மா நிலத்தில் இருந்துவிட்டார். அந்தப் பாணை மத்தியானம் கழித்துத்தான் உள்ளே எடுத்தார்கள், நஞ்சு இல்லையென்று யாரோ ஒருவர் கடித்துப் பார்த்த பிறகு. எனக்குப் பசி. முதல்நாள் கலவரக்காரர் எங்கள் வீட்டுக்குள் புகுந்தபோது, பின் மதிலால் அம்மாவை ஏற்றி, நானும் குதித்து, அவரை அந்தக் கோயில்வரை கொண்டுவந்து சேர்த்தது நான். என் கால் கண்ணாடி வெட்டி வீங்கியிருந்தது. அம்மா என் மடியில் தலை வைத்து, “என்ட பிள்ளை, என்ட பிள்ளை,” என்று அழுதுகொண்டே இருந்தார். அவருடைய இன்னொரு பிள்ளையின் மடியில்தான் அவருடைய தலை இருந்தது. ஒரு துண்டுப் பாணைப் பிய்த்துக் கொடுத்தேன். “அவன் சாப்பிட்டிருப்பானா?” என்று கேட்டார். நீ சாப்பிட்டியா என்று என்னைக் கேட்கவில்லை. கொழும்பு எரிந்துகொண்டிருந்தது, என் அண்ணன் உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்த நாள் அது, நான் கோயிலுக்குள் இருந்துகொண்டு அவர் மேல் பொறாமைப்பட்டேன். இதை நான் உன் அப்பாவுக்கும் சொன்னதில்லை, பாவசங்கீர்த்தனத்திலும் சொன்னதில்லை. யாரும் கேட்டதுமில்லை.

உனக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். அடுத்த தரம் யாராவது உன்னிடம் ஏன் இந்தப் படிப்பு என்று கேட்டால், தூர நின்று பார்க்கிறேன் என்று சொல்லாதே. நீ தூர நிற்கவில்லை. அந்த நடு இடத்தை உலகமெல்லாம் தேடிக்கொண்டிருக்கிறாய். நானும் உன் மாமாவும் அதில்தான் நின்றோம். ஹில்டாவிடம் போவதையும் நிறுத்தாதே. அவளுடைய சொந்தப் பிள்ளைகள் ஒருநாள் உன் புத்தகத்தை வாசித்து, எங்களுக்குச் சொல்லாததை இவனுக்குச் சொன்னாளா என்று உன் மேல் கோபிப்பார்கள். அவர்களோடு பொறுமையாகப் பேசு. அவர்கள் பக்கம் என்னவென்று எனக்கு நன்றாகத் தெரியும்.

ஒரு செய்தி. போன புதன்கிழமை அண்ணன் வந்தார். கூப்பிடாமல் அவர் இந்த வீட்டுக்கு வந்தது இதுதான் முதல் தரம். நான்கு மாடி ஏறி, வாசலில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். வகுப்பு நடந்துகொண்டிருந்தது. பிள்ளைகளை வாசிக்க விட்டுவிட்டு, அவரை பல்கனிக்குக் கூட்டிப்போய்க் கதிரை போட்டேன். வாக்கை மீறியதற்கு ஏசப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கடலைப் பார்த்துக்கொண்டே, “அண்டைக்கு மகன்கிட்ட ஒண்டு சொல்லல்ல,” என்றார். “அவனுக்குச் சொல்ற கதை இல்ல அது. கேற்றுக்கு உள்ள நிண்ட ஆளுக்குத்தான் சொல்லலாம்.” நான் பக்கத்தில் இருந்தேன். “சொல்லுங்க அண்ணா,” என்றேன். ஒரு ரயில் போனது, இன்னொன்று போனது, அவர் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். உள்ளே பிள்ளைகள் வாசித்து முடித்து, பிறகு தாங்களே புத்தகங்களைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். நாங்கள் இருவரும் அழுதோம், பிறகு எதற்கோ சிரித்தோம். அவர் இங்கேயே சாப்பிட்டார்.

என்ன சொன்னார் என்று நீ உடனே போன் எடுப்பாய். உன்னை எனக்குத் தெரியும், நல்ல கேள்வியாகத் தேடி வைத்துக்கொண்டு கேட்பாய். கேள். நான் சொல்லப்போவதில்லை. இதை நீ எழுதக்கூடாது, ஹில்டாவுக்குச் சொல்லக்கூடாது, எந்தப் புத்தகத்தின் எந்தப் பக்கத்திலும் இது வரக்கூடாது. அண்ணன் எனக்குச் சொன்னார். நான் கேட்டேன். இது எனக்கு மட்டும்.

உன்னை யாருக்கும் முழுசாக விட்டுக்கொடுக்க மனம் வராத,
அம்மா